அம்மா திருப்பிப் பார்த்த கார்த்திகை

என் அன்பு அக்கா,

நீ வானப் படங்கள் போட்டுக் கொடுத்த சிடியைத் திறந்துவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வானாய்வுக்கூடத்தில் நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்வி. கல்யாணம் ஆகாத பெண் ராத்திரியில் போய் அப்படி என்னத்தைப் பார்க்கிறாள்? படத்தைக் காட்டலாம் என்றால் அது வானியல்காரர்களின் கோப்பு, உங்கள் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் திறக்காது. "உன் கம்ப்யூட்டர்ல தெரியற மாதிரி பண்ணிக் குடுடி, அம்மாவுக்கு ஒரே ஒரு படம் காட்டணும்" என்று கேட்டாய். ஊர் உலகமெல்லாம் சேர்ந்து இலவசமாக எழுதும் பட மென்பொருளில் உன் கோப்பையும் திறக்க வைக்கிறேன், ரெண்டே வாரம் என்று நானும் பெருமையடித்துக்கொண்டேன்.

எத்தனை வாரம் போனது, அக்கா? காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே மாட்டாய் என்று யார் கண்டது? சொன்னதைச் செய்யாமல் உன்னை அனுப்பிவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

உன் காரியம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்தேன். முதலில் திரை கன்னங்கரேலென்று வந்தது. உன் கேமரா பதிந்த வெளிச்ச அளவுகளை நம் திரைக்கு ஏற்றபடி மாற்றக் கற்றுக்கொள்ளவே பல நாள் ஆனது. அப்புறம் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. கோப்புக்குக் கார்த்திகை என்று அந்த நட்சத்திரக் கொத்தின் பெயரையே வைத்திருந்தாய். செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். "இது கார்த்திகை இல்ல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அக்கா எடுத்தது, தப்பாக இருக்குமா என்று வாதாடினேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளாமல் காகிதத்தை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாள். பிறகு வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, பின்பக்கமாகப் பார்த்தாள். "இப்போதான் அது. கொத்தோட வால் இந்தப் பக்கம் இல்ல வரும்?"

படித்த மகளின் லட்சணத்தைப் பார். அந்தக் கோப்பு படத்தைக் கீழ்வரிசையிலிருந்து மேலே எழுதிக்கொண்டு போகிறது. நான் மேலிருந்து கீழே படித்ததில் படம் கண்ணாடியில் தெரிவதுபோலப் புரண்டுவிட்டது. உனக்குத் தெரிந்த சங்கதிதானே? சிரிக்காதே. விடியுமுன் தண்ணீர் பாய்ச்சப் போய்ப் பழகிய அம்மாவுக்கு வானம் மனப்பாடம்.

திருத்தி அந்த மென்பொருள்காரர்களுக்கு அனுப்பினேன், சேர்த்துக்கொண்டார்கள். பிழையைக் கண்டுபிடித்தவர் பெயரைக் குறிப்பது அங்கே வழக்கம். அம்மா பெயரைப் போட்டேன். இனி உன் கோப்பு யார் வீட்டிலும் நேராகத் திறக்கும்.

புதுப் பிரிண்டை அம்மா வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள். நீ இதை எந்நேரத்துக்கு எடுத்தாய் என்று கேட்டாள். விடிவதற்குக் கொஞ்சம் முன்னே என்றேன்.

"அந்நேரத்துக்கு நானும் வயல்ல நின்னு இதத்தாண்டி பாத்துனு இருந்தேன். ராத்திரியெல்லாம் அவ தனியா இருக்கறாளேனு பயந்துனு இருந்தேன்" என்றாள்.

மிச்சப் படங்களை ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டுகிறேன், அக்கா. உன் வேலை என்ன என்று யாராவது கேட்டால் இனி அம்மாவே சொல்வாள்.

உன் சோம்பேறித் தங்கச்சி