பட்டன் டப்பாவில் பத்து மாத்திரை

மார்ச் 3
டூட்டிக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி. நான்கு வருடத்துக்கு முன் மனைவிக்கு மார்பிலிருந்து அறுத்து எடுத்த புற்றுநோய், இப்போது இடுப்பெலும்பில் திரும்ப வந்திருக்கிறது. ஹார்மோனைக் குறைக்கிற தினசரி மாத்திரைதான் அதை இத்தனை நாள் பட்டினி போட்டு வைத்திருந்தது.

"ஒருநாள்கூட விடாம போட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "போட்டேன்" என்று சொல்லிவிட்டு இவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

பத்தொன்பது வருடமாக பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறேன். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கம்தான் பார்ப்பான்.

மார்ச் 5
மூட்டு வலிக்கிறது, உடம்பு தகிக்கிறது என்று அந்த மாத்திரையைத் திட்டாத நாளில்லை. இப்படித் திட்டுகிறவள் விழுங்கியிருப்பாளா? காலை எட்டு மணிக்குப் போடுவாளாம். நான் முதல் பஸ்ஸுக்கே போய்விடுகிற ஆள். பார்த்தது யார்?

மார்ச் 8
கையும் களவுமாக! தையல் மெஷின் இழுப்பறையில், பட்டன் டப்பாவுக்குள், முழுசாக ஒரு அட்டை. பத்து மாத்திரை. ஒன்றுகூட உடைக்கவில்லை.

கேட்டேன். மெஷினில் நூல் பாபினை மாற்றிக்கொண்டே பதில் சொன்னாள். "ஒருதடவை கடையில ஸ்டாக் இல்லன்னாங்கல்ல? அதுலேருந்து எப்பவும் ஒரு அட்டை கூடுதலா வெச்சுக்குவேன். உங்க சட்டைக்கு உள்ள ஒரு பட்டன் கூடுதலா தைக்கிறேனே, அந்த மாதிரி."

பர்ஸைத் தொலைத்தவன், பாஸை வீட்டில் வைத்துவிட்டு வந்தவன் — நான் கேட்காத கதையா?

மார்ச் 9
சாயங்கால ஷிப்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டேன். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். "செக்கிங் முடிஞ்சுதா சார்?"

இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

மார்ச் 11
அவளுக்குத் தெரியாமல் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து அட்டை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அவங்க போடாம விட்டிருந்தா இதே மாத்திரை இன்னும் கேக்கலாம். போட்டும் வந்திருக்குன்னா இது இனிமே வேலைக்கு ஆகாது, மாத்தணும். ரத்தத்துல ஒரு டெஸ்ட் பார்த்துடுவோம்" என்றார்.

காட்டிக்கொடுத்தேனா? காப்பாற்றினேனா?

மார்ச் 13
ரத்தம் எடுத்தார்கள். பத்து நாள் ஆகுமாம்.

மார்ச் 17
இன்று ஒரு பஸ்ஸில்கூட ஒருவரையும் பிடிக்கவில்லை. மனசு அதில் இல்லை. அவள் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றுதானே வேண்டிக்கொண்டிருக்கிறேன்? விட்டிருந்தால் இதே மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் போதும். விடாமல் போட்டிருந்தால் —

மார்ச் 24
ரிசல்ட் வந்துவிட்டது.

"ஹார்மோன் வந்து தொட்டாதான் அந்த செல் வளரும். மாத்திரையால ஹார்மோன் குறைஞ்சுபோச்சு. நாளாக ஆக சில செல்லு தன்னையே மாத்திக்கிச்சு. ஹார்மோனே இல்லாம வளர ஆரம்பிச்சிடுச்சு" என்றார் டாக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ரத்தத்துல தெரியிற இந்த மாற்றம் பெரும்பாலும் மாத்திரையை ரொம்ப நாள் போட்டவங்களுக்குத்தான் வரும். இதைவிட சாட்சி வேணுமா?"

டிக்கெட் இல்லாமல் ஏறியது அந்த செல். நான் பிடித்து இறக்கப் பார்த்தது டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தவளை.

திரும்பும் வழியில் கேட்டேன். "அன்னிக்கு ஏன் ஜன்னல் பக்கம் பார்த்தே?"

"அழுகை வந்துச்சு. நான் அழுதா நீங்க தாங்க மாட்டீங்க."

"டாக்டர்கிட்ட நான்தான்..."

"தெரியும். கோவம் இன்னும் போகல. இப்ப பேசாதீங்க."

ஏப்ரல் 2
பழைய மாத்திரை நின்றுவிட்டது. இனி ஊசி. எத்தனை நாளைக்கு வேலை செய்யும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியமில்லை. "இடுப்புல ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. எண்ணிக்கிட்டீங்களா?" என்றாள் வெளியே வந்து. கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

சாயங்காலம் டூட்டிக்குச் சட்டை மாட்டும்போது ஒரு பட்டன் தெறித்துவிட்டது. ஊசி போட்ட இடம் வலிக்கிறதென்று அவள் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. சட்டையை உள்பக்கம் திருப்பினேன். அடி மடிப்பில் ஒரு பட்டன் இருந்தது.

அலமாரியைத் திறந்து மீதி ஆறு சட்டையையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது.