மூன்றாம் குழியில் வெள்ளைச் சங்கு

1948 ஜூலை 12, திங்கள்

மேல்காற்று. வாய் முழுக்க மண்.

இதனால் ஊரார், உற்றார், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள், உப்பளங்கள் ஆகிய சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: எங்கள் அப்பாவின் இடது கால் பூட்ஸுக்குள் பல்லி முட்டையிட்டிருக்கிறது. முட்டை இரண்டு. தாய் தலைமறைவு.

அற்பச் செய்திதான். ஆனால் அந்த பூட்ஸை அப்பா வெளியே எடுத்தது அற்பம் இல்லை. மார்ச்சில் அம்மாவை அடக்கம் செய்ததிலிருந்து அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அப்பா பிரம்பு நாற்காலியில் கிடந்தார். இன்று கிளப் பியூன் ஒரு தாள் கொண்டுவந்தான். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு கோல்ஃப் போட்டி. சனிக்கிழமை, ஒன்பது குழி. சிவப்பா வெள்ளையா என்று எழுதி அனுப்ப வேண்டும்.

இந்த நோட்டைத் திருடிப் படிக்கும் ரஞ்சிதம் அக்காவுக்காக ஒரு விளக்கம். ஒவ்வொரு குழிக்கும் பந்தை அடிக்கத் தொடங்குகிற இடத்தின் பெயர் டீ. (நம் வீட்டில் டீ மூன்று வகை: குடிக்கிற டீ, அடிக்கிற டீ, நீ உன் சிநேகிதியைக் கூப்பிடுகிற 'ஏட்டீ'.) டீ எது என்று தெரிய, தரையில் இரண்டு சங்கு வைத்திருக்கும். வளையல் அறுக்கிற கல்கத்தாக்காரர்கள் வேண்டாமென்று கழித்த, பூச்சி அரித்த சங்குகள். வெள்ளை பூசினது பின்னால், துரைமாருக்கு. சிவப்பு பூசினது முன்னால், கிழவர்களுக்கும் துரைசானிகளுக்கும். சிவப்பிலிருந்து அடித்தால் தூரம் குறைவு. எதை எழுதிக் கொடுத்தோமோ அதிலேயே கடைசிவரை ஆட வேண்டும். நடுவில் மாறினால் ஆட்டம் கணக்கில் சேராது. விளக்கம் முற்றிற்று.

அப்பா பேனாவைத் திறந்து 'வெள்ளை' என்று எழுதினார்.

அக்கா: "சிவப்புன்னு எழுதுங்கப்பா. வயசானவங்களுக்குன்னுதான அத வச்சிருக்காங்க."

அப்பா: "வயசானவங்க ஆடட்டும்ளா. யாரு வேண்டாங்குதா."

இந்த மாதத்தில் அவர் பேசின மிக நீளமான வாக்கியம்.


ஜூலை 13, செவ்வாய்

பள்ளிக்கூடம். அல்ஜீப்ரா. எக்ஸின் மதிப்பு கண்டுபிடிக்கச் சொன்னார் சார். எக்ஸுக்கே அக்கறை இல்லை, எனக்கு என்ன என்றேன். பெஞ்சு மேல் ஏற்றினார். மேலிருந்து காற்று நன்றாக வந்தது.

சாயங்காலம் அப்பாவுடன் பயிற்சிக்குப் போனேன். பை சுமப்பது நான். ஈர மண்ணைப் பிடித்துச் சின்னக் குவியல் செய்து அதன் தலையில் பந்தை வைப்பதும் நான்.

குழி 1, 2 பரவாயில்லை. குழி 3 நம் எதிரி. டீக்கும் குழிக்கும் நடுவே ஓடை. கடல் ஏறினால் தண்ணீர், இறங்கினால் சேறு, எப்போதும் நாற்றம். சிவப்புச் சங்கு ஓடைக் கரைக்குப் பக்கத்தில். வெள்ளைச் சங்கு தள்ளிப் பின்னால், உடைமரத்தடியில்.

வெள்ளையிலிருந்து அப்பா அடித்தார். பந்து ஓடையில். இன்னொன்று. ஓடையில். இன்னொன்று.

போன வருஷம் இதே இடத்தில் தாண்டி அடித்தவர். இப்போது சட்டைக்குள் தோளையே காணோம்.

பந்து பொறுக்கச் சேற்றில் இறங்கினேன். மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற மாரியப்பண்ணன் கரையில் நின்று மெதுவாகக் கேட்டார்: "ஏலே, ஐயாட்ட யாரும் சொல்லலியா?"

"சொல்லியாச்சு."

"என்ன சொன்னாரு?"

"வயசானவங்க ஆடட்டும்னாரு."

அவர் சிரிக்கவில்லை. நான் சிரிக்கலாம் என்று நினைத்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பற்றி நாலு வரி எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பென்சில் சீவினேன். நன்றாகச் சீவினேன்.


ஜூலை 14, புதன்

காற்று. சாளை மீன் குழம்பு. உப்பு இல்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம். யாரும் உப்பு கேட்கவில்லை. ஊரெல்லாம் உப்பளம்.

கிளப்பில் செக்ரட்டரி துரையைப் பார்த்தோம் (இனி செ.து.; மை மிச்சம்). பஞ்சுக் கம்பெனிக்காரர், ஸ்காட்லாந்து, மூக்கு உரிந்தவர். நல்ல மனுஷர். அப்பாவின் தோளில் கை வைத்து, சிவப்பில் ஆடுவது ஒன்றும் கேவலம் இல்லை, நானே அடுத்த வருஷம் சிவப்புக்கு வந்துவிடுவேன் என்றார், இங்கிலீஷில். அப்பா தேங்க்யூ என்றார்.

திரும்பும் வழியில்: "அடுத்த வருசம் சிவப்புக்கு வாராராம். அடுத்த வருசம் அவரு இங்கன எங்க இருக்கப் போறாரு, ஸ்காட்லாந்துல இருப்பாரு."

சாப்பிடும்போது அக்கா மறுபடி சிவப்பை எடுத்தாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னது, அப்படியே:

"துறைமுக ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருக்கையில, கையெழுத்து வாங்க அந்த வெள்ளச் சங்குப் பக்கத்துல ஃபைலோட நின்னுருக்கேன்ளா. துரை அடிச்சு முடிக்கிற வரைக்கும், வெயில்ல. எத்தனையோ வருசம். போன வருசந்தான் நம்மாள உள்ள விட்டு, அங்கன நின்னு அடின்னான். இப்பம் நீ முன்னால போயி நில்லுங்கே."

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாத்திரம் கழுவும்போது என்னிடம்: "அந்த ஓடையில தோத்தாருன்னா திரும்ப நாற்காலிக்குத்தாம்ல போவாரு. பொறவு எந்திரிக்க மாட்டாரு."

அழுகிற குரல் இல்லை. கடையில் எண்ணெய் விலை சொல்கிற குரல். எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் அந்தக் குரல்தான்.


ஜூலை 15, வியாழன்

வெயில். காற்று குறைவு. மூளை வேலை செய்தது.

யோசனை: அப்பா சிவப்புக்குப் போக மாட்டார். சரி. வெள்ளையைச் சிவப்புக்குக் கூட்டிவந்தால்?

சனிக்கிழமை விடியற்காலையில் மாரியப்பண்ணன் சங்குகளை வைப்பார். அவர் அடுத்த குழிக்குப் போனதும், மூன்றாம் குழியில் உள்ள வெள்ளைச் சங்கு இரண்டையும் தூக்கி, சிவப்புக்கு ஒரு முழம் பின்னால் வைத்துவிட வேண்டியது. டீயின் இடம் அவ்வப்போது மாறுவது வழக்கந்தான். வெள்ளையில் ஆடுகிற எல்லோருக்கும் தூரம் குறையும், எல்லோருக்கும் சந்தோஷம். குறை சொல்ல ஆளே இல்லாத குற்றம். அப்பாவும் வெள்ளையில் நின்றே அடித்ததாக இருக்கும்.

சங்கில் எத்தனை வகை. ஊதுகிற சங்கு, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கு. நடக்கிற சங்கு என் கண்டுபிடிப்பு.


ஜூலை 16, வெள்ளி

ஆறாம் ஃபாரத்தில் என் புகழ் தெரியாதவர்களுக்காக: பள்ளிக்கூட மணியின் நாக்கைக் கழற்றியவன் நான். டிராயிங் சாரின் குடைக்குள் அவலைக் கொட்டியவன் நான். ஒன்றிலும் பிடிபடாதவன் நான். எனக்குச் சங்கு தூக்குவது ஒரு வேலையா.

மணியின் நாக்கைக் கழற்றின கதையை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சிரித்துப் புரையேறி...

அக்கா அப்பாவின் வெள்ளைக் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டாள். இடுப்பில் நாலு விரல் பிடித்துத் தைத்தாள். அப்பா போட்டுப் பார்த்து, "இப்பம் நிக்கி" என்றார்.

பாடம் படிக்கவில்லை.


ஜூலை 17, சனி

வெற்றி. வெற்றி. கொட்டு முரசு.

திட்டப்படி விடியற்காலையில் மைதானம். மாரியப்பண்ணன் ஆடு விரட்டப் போனார். வெள்ளைச் சங்கு இரண்டும் நடந்தன, உபயம் என் கை. ஒரு ஈ, காக்கை பார்க்கவில்லை. ஆட்டம் தொடங்கியது. மூன்றாம் குழியில் அப்பா முன்னால் வந்த வெள்ளையில் நின்றார், ஓங்கினார், அடித்தார். பந்து ஓடையைத் தாண்டி விழுந்தது. செ.து. கை தட்டினார். அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பது குழியும் முடித்து ஐந்தாம் இடம். கோப்பை செ.து.வுக்கு, போகட்டும், கப்பலில் கொண்டுபோகட்டும்.

அப்பாவையே ஏமாற்றியவன் என்று என் கல்லறையில் எழுதுக.

ராத்திரி ரசம்.


ஜூலை 18, ஞாயிறு

மேகம். மழை வராது.

கோயில். நீளமான பிரசங்கம். மத்தியானம் கறி. அப்பா கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நேற்று எழுதினதைப் படித்தேன். என் நோட்டு, என் பொய். யாரிடம் இதைக் காட்டப்போகிறேன்? இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சங்கு நடக்கவில்லை. மைதானத்துக்குப் போனது உண்மை. மாரியப்பண்ணன் ஆடு விரட்டப் போனதும் உண்மை. ஒரு வெள்ளைச் சங்கைத் தூக்கினேன். உள்ளே மண் அடைத்துக் கனத்தது. கொஞ்ச தூரம் கொண்டுபோனேன். பிறகு திரும்பக் கொண்டுவந்து, தரையில் அதன் தடம் இருந்த இடத்திலேயே வைத்தேன். யாரும் வரவில்லை, யாரும் பார்க்கவில்லை. ஏன் திரும்ப வைத்தேன் என்று தெரியவில்லை. பயம் என்று எழுதலாம். பயம்கூட இல்லை.

மூன்றாம் குழியில் அப்பாவின் முறை வந்தது. உடைமரத்தடியில், வெள்ளைச் சங்குகளுக்கு நடுவே மண் குவித்துப் பந்தை வைத்தேன். அப்பா மட்டையோடு நின்றார். ஓடையைப் பார்த்தார். கடல் ஏறியிருந்தது. செ.து.வும் மற்றவர்களும் பின்னால் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்பா குனிந்தார். பந்தை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டார். முன்னால் நடந்தார்.

செ.து. பின்னாலேயே போய், வெள்ளை என்று எழுதியிருக்கிறீர்களே, மாறினால் உங்கள் ஆட்டம் கணக்கில் வராதே என்றார், வருத்தமாகத்தான். அப்பா, தெரியும், என் பெயரை அடித்துவிடுங்கள், ஆனால் கடைசிக் குழிவரை ஆடுவேன் என்றார். ஐந்தாம் இடமாவது ஒன்றாவது. அப்பாவுக்கு இடமே இல்லை.

நான் உடைமரத்தடியிலேயே நின்றுவிட்டேன். அவர் சிவப்புச் சங்குப் பக்கத்திலிருந்து திரும்பி, "ஏலே, மண்ண இங்கன கொண்டா" என்றார்.

சிவப்புக்குப் போக மாட்டாரா என்று இந்த வாரம் முழுக்க இருந்தவன் நான். அவர் போனதும் பார்க்க முடியவில்லை. அப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்று எழுதும்போது கை ஓடினது. அப்பா தானே நடந்து போனார் என்று எழுத, இதோ, இவ்வளவு நேரம்.

குவியல் பிடித்தேன். உதிர்ந்தது. மறுபடி பிடித்தேன். அப்பா அவசரப்படுத்தவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினேன், பந்து நின்றது. அடித்தார்.

பந்து ஓடையைத் தாண்டியது. மூன்றாம் குழியைப் பற்றி நேற்று எழுதினதில் உண்மை அது ஒன்றுதான். அதையும் நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரியப்பண்ணன் சொன்னார்.