சொந்த விஷயம், சேர்க்க வேண்டாம்

7 ஜனவரி 1986, செவ்வாய்

எங்கள் ரேடியோ தலைமை ஆபீசுக்கு ஒரு சாக்கு வந்திருக்கிறது. உள்ளே முழுக்க என் பழைய சிநேகிதி தங்கத்துக்கு வந்த கடிதங்கள். மேலத்துறை உள்ளூர் வானொலியில் அவள் தினமும் மாலை நடத்தும் கிராம நிகழ்ச்சியைத் தொடரலாமா, இல்லை அந்த நேரத்துக்குச் சென்னை நிகழ்ச்சியையே எடுத்துப் போடலாமா என்று டெல்லியில் நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டுமாம். செக்‌ஷனில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் ஆபீசர் பாலசுப்ரமணியம் சார் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச வரும், எழுத்து தெரியாது. “ஜல்தி எண்ணிக் குடுத்துடுங்க ராஜலக்ஷ்மி” என்றார்.

எழுபத்து நான்கில் தங்கமும் நானும் சேர்ந்துதான் ரேடியோ குரல் தேர்வுக்குப் போனோம். எனக்கு அவளைவிட இரண்டு மார்க் அதிகம். கல்யாணம் ஆயிற்று, இவருக்கு டெல்லியில் வேலை, அதனால் நான் இங்கே வந்து மொழிபெயர்ப்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷமாக ஒரு மைக் முன்னால் வாயைத் திறந்ததில்லை. அவள்? முப்பது மைல் தாண்டினால் கேட்காத ஒரு மீடியம் வேவ் ஸ்டேஷனில் ராணி.

வயிறு எரிகிறது. எழுதியே விடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

8 ஜனவரி

நூற்றுப் பன்னிரண்டு படித்தாயிற்று. ஒருவர் செத்த பூச்சியைச் சோற்றுப் பருக்கையால் இன்லண்ட் கடிதத்துக்குள் ஒட்டி அனுப்பியிருக்கிறார்: “அக்கா, இது என்ன பூச்சின்னு ரேடியோவுல சொல்லுங்க, அதுவரைக்கும் மருந்தடிக்க மாட்டேன்.” வடிவு என்று ஒருத்தி தன் கன்றுக்குட்டிக்குத் தங்கம் என்று பெயர் வைத்திருக்கிறாள். ஆராயி என்கிற அம்மாள் யாரையோ எழுதச் சொல்லியிருக்கிறாள்: “புதன்கிழமை ஒங்க தொண்டை கம்மியிருந்துச்சு. சுக்கு தட்டிப் போட்டுக் குடிங்கக்கா.”

போன வாரம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். “காப்பி இன்னும் ஆகலையா?” என்றார் இவர்.

10 ஜனவரி

விதி இருக்கிறது. நான் உண்டாக்கியதில்லை. நிகழ்ச்சியைப் பற்றிக் கருத்துச் சொன்னால் அந்தக் கடிதத்தை எண்ணிக்கையில் சேர்க்கலாம். நலம் விசாரிப்பு, சொந்த விஷயம் என்றால் சேர்க்கக் கூடாது. சுற்றறிக்கையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

பூச்சி? அவருடைய சொந்தப் பூச்சி. கன்றுக்குட்டி? சொந்தக் கன்றுக்குட்டி. தொண்டை? தங்கத்தின் சொந்தத் தொண்டை!

சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றின் மூலையிலும் எழுதிக்கொண்டே போனேன்: சொந்த விஷயம். சொந்த விஷயம். மத்தியானத்துக்குள் பென்சிலை இரண்டு தடவை சீவ வேண்டியிருந்தது.

13 ஜனவரி

இருநூற்று முப்பத்தொன்றில் தேறியது பத்தொன்பது.

“அரே, இவ்ளோதானா?” என்றார் சார்.

“ரூல்படி இவ்ளோதான் சார்.”

வீடு இருக்கும் லக்ஷ்மிபாய் நகர் வரும்வரை பஸ்ஸில் நின்றபடியே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

14 ஜனவரி

பொங்கல். பால் பொங்கியது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

11 பிப்ரவரி

மார்ச் பதினைந்தோடு மேலத்துறை கிராம நிகழ்ச்சி நிறுத்தம். அந்த உத்தரவைத் தமிழாக்கியதும் நானே. நல்ல தமிழில், ஒரு அடித்தல் இல்லாமல்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். ஏன் இல்லை?

20 பிப்ரவரி

தங்கத்திடமிருந்து கடிதம்.

“ராஜி, பத்தொன்பது கடுதாசிதான் வந்துச்சுன்னு போட்டிருக்காங்கடி. சாக்கைக் கட்டி அனுப்பினதே நான்தான். தமிழ் தெரியாத யாரோ எண்ணியிருக்காங்க போல, பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க? நீ அங்கதானே இருக்கே. நீ ஒரு தடவை எண்ணிப் பாரேன். அன்னிக்கு உன் குரலைத்தான் எடுத்திருக்கணும்னு இங்க எல்லார்கிட்டேயும் இப்பவும் சொல்லிட்டிருக்கேன்.”

அடிப்பாவி! என் மேல ஒரு துளி சந்தேகம்கூட வரலையா உனக்கு? எதுக்குடி என்னை இப்படி நம்பித் தொலைக்கிறே? இதுல பாவம் வேறயாம். அந்தப் பாவம் நான்தான்டி, நான்தான் —

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

21 பிப்ரவரி

சாக்கு இன்னும் என் மேஜைக்குக் கீழேதான் கிடக்கிறது. பூச்சிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். அதைப் படித்துக் காட்டினேன்.

“ரேடியோவுல சொல்ற வரைக்கும் மருந்தடிக்காம காத்திருக்கார் சார். இதைவிட என்ன கருத்து வேணும்?”

“ஜனவரியில இது தோணலையா?”

பொய் சொல்லியிருக்கலாம். “தோணுச்சு சார்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தப்பு உங்களோடதுன்னு எழுதிக் குடுங்க. அப்பதான் ஃபைலைத் திரும்பத் திறக்க முடியும். உங்க ப்ரமோஷன் இந்த ஏப்ரல்ல வராது, தெரியுமில்ல?”

தெரியும். எழுதிக் கொடுத்தேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

4 மார்ச்

சாக்கை நானே திரும்ப எண்ணிக் கொடுத்தேன், எண்ணிவிட்டேன் என்று தங்கத்துக்கும் ஒரு வரி போட்டேன். உத்தரவு ரத்து. நிகழ்ச்சி தொடரும்.

2 ஏப்ரல்

பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை.

மத்தியானம் ஒரு தபால் கார்டு வந்தது. அதில் என் பெயர் இருந்தது.

“டெல்லி அக்காவுக்கு ஆராயி எழுதிக்கொள்வது. நீங்கதான் எங்க லெட்டரையெல்லாம் திரும்ப எண்ணி நிகழ்ச்சியைக் காப்பாத்திக் குடுத்தீங்கன்னு தங்கம் அக்கா ரேடியோவுல சொன்னாங்க. ஒங்க குரல் இன்னும் நல்லா இருக்குமாமே. எங்களுக்குத்தான் கேக்கக் குடுத்து வைக்கல. அங்க குளிர் ஜாஸ்தின்னாங்க, ஒடம்பைப் பாத்துக்கங்க.”

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. நாலு தடவை படித்தேன். பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு என்று ஒரு நேயரிடமிருந்து வந்த முதல் கடிதம்.

தங்கம் பொய் சொல்லவில்லை. திரும்ப எண்ணியது நான்தான். முதல் தடவை எண்ணியது யார் என்று அவளுக்குத் தெரியாது. எழுத வேண்டும். இன்லண்ட் வாங்கி மேஜையில் வைத்திருக்கிறேன், “அன்புள்ள தங்கம்” வரை வந்திருக்கிறது.

கார்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷம், பென்சில் கைக்கு வந்துவிட்டது. மூலையில் சிவப்பாக எழுதினேன்: சொந்த விஷயம். சாக்கில் போடவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.