வேண்டாம் என்றவனைக் கூட்டிப்போனவள்

இன்று காலை ஆரியசாலையில் சுமட்டுத் தொழிலாளி ஒருவரின் தலையிலிருந்து வற்றல் மிளகாய் மூட்டை சரிந்து விழுந்து வாய் பிளந்தது. தெருவே தும்மியது. தும்மல் அடங்கிக் கண்ணைத் துடைத்ததும், மிளகாய்க் கிடங்கின் வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கிறாயா என்று பார்த்தேன். எலிக்காய்ச்சல் உன்னைப் பத்து நாளில் கொண்டுபோய் ஐந்து மாதமாகிறது. இருந்தும் பார்த்தேன்.

நீ அந்தக் கிடங்கில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த காலத்தில் நான் உன்னை ஒரு தொந்தரவாகத்தான் நினைத்தேன். அதை மறைத்து எழுத எனக்கு வராது. உன் அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள நகரத்துக்குச் சிமெண்ட் சுமக்க வந்தவள். உனக்கு இருபத்துநான்கு வயது இருக்கும். நான் ஐம்பதைத் தாண்டியவன், தமிழ்த் தொழிலாளர் படிப்பகத்தின் செயலாளர். ஒரு வியாபாரி விட்டுக்கொடுத்த பழைய கிடங்கு அது. முன்னறையில் பத்திரிகை மேசை, பின்னறையில் புத்தக அலமாரிகளும் என் நாற்காலியும். இருபது ஆண்டுகள் அதைக் கட்டிக் காத்தேன்.

அந்தப் பின்னறையைத்தான் நீ கேட்டாய். சாலைச் சந்தையின் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறையும், கை கழுவக் குழாயும், உட்கார ஒரு பெஞ்சும் வேண்டும் என்றாய். சாக்கடையும் தண்ணீர்க் குழாயும் அந்த அறையை ஒட்டித்தான் போயின. அந்தத் தெருவில் வேறு இடம் கிடையாது. பெண்கள் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை என்றாய். பழவங்காடிப் பக்கம் கட்டணக் கழிப்பறைக்குப் போய்வர அரை மணி நேரம் ஆகிறது, முதலாளி முகம் சுளிக்கிறார், மிளகாய்க் கையோடு போனால் என்ன ஆகும் என்று ஆம்பிளைகளுக்குத் தெரியாது என்றாய். நான் வேண்டாம் என்றேன். இரண்டு வருடம் கேட்டாய். இரண்டு வருடமும் அதையே சொன்னேன்.

அப்போதுதான் உனக்கு அந்தப் பயிற்சி கிடைத்தது. வித்துரா போகும் வழியில் பழைய ரப்பர்த் தோட்ட பங்களா ஒன்றில், பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்களை ஆறு மாதம் தங்கவைத்து ஊர்ப்பணிக்குத் தயார் செய்தார்கள். சாப்பாடும் இடமும் கொடுத்து, தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கவும் விட்டார்கள். உன் விண்ணப்பத்தின் ஆங்கிலத்தை அகராதி வைத்துத் திருத்தியவன் நான். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இடமில்லை என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகாமல் படித்து, ஒரு படிப்பகத்தை நடத்துகிறவனை ஒருவரும் எங்கும் கூப்பிட்டதில்லை. அந்த ஆத்திரத்தை உன் எழுத்துப் பிழைகளின் மேல் காட்டினேன். நீ சிரித்துக்கொண்டே திருத்தி எழுதினாய்.

ஐந்தாவது மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் தன் பணிக்கு மிக முக்கியமான ஒருவரை மூன்று நாள் அழைத்து வருகிறார், உங்கள் ஊர்ப் பெண் உங்களைத் தேர்ந்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான்கு முறை வாசித்தேன். ஜிப்பாவை இஸ்திரி போடக் கொடுத்தேன். இந்த நகரத்தில் தமிழ்த் தொழிலாளர் வரலாறு பற்றிப் பதினோரு பக்கம் பேச்சு எழுதினேன். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்போது அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொள்ளாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

அங்கே போனால் வட்டமாக நாற்காலி. என்னைப் போல் அழைக்கப்பட்டவர்கள் ஐந்து பேர். உகாண்டாவிலிருந்து பெரிய தலைத்துணி கட்டிய ஓர் அம்மாள் வந்திருந்தார். வர முடியாதவர்கள் ஒலிநாடாவில் பேசி அனுப்பியிருந்தார்கள். ஐந்து பேரில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பயிற்சியை நடத்திய வெள்ளைக்கார அம்மாள் எழுந்து வரவேற்றார். அவர் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். இங்கே வந்திருப்பவர்கள் ஒவ்வொருவரும், அவரவர் ஊரில் இந்த இளைஞர்களின் திட்டத்தை மிக உறுதியாக எதிர்ப்பவர்கள், அவர்களுக்கு நன்றி.

எனக்குக் காது சூடாகிவிட்டது. உன்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னைய கேவலப்படுத்தவா இம்புட்டுத் தூரம் கூப்பிட்டே?"

"இல்ல அண்ணாச்சி. ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு ஒண்ணும் செய்யாத ஆளு சாலையில நெறைய இருக்கு. நீங்க ஒருத்தர்தான் மொகத்துக்கு நேரே வேண்டாம்னு சொன்னிய."

"அதுக்கு ஜிப்பா எதுக்கு போட்டுட்டு வந்தேன்?"

"நல்லாத்தான் இருக்கு, பின்னே," என்றாய்.

கடைசி பஸ் போய்விட்டது. இல்லாவிட்டால் அன்றே திரும்பியிருப்பேன்.

அந்தப் பயிற்சியின் விதி இது. உன் திட்டத்தை நீ பேசக் கூடாது. என் தரப்பைத்தான் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். நான் சொல்ல நினைப்பது அதுதான் என்று நான் தலையசைத்த பிறகே உன் திட்டத்துக்கு வாய்ப்பு. மூன்றாம் நாள் மாலைக்குள் தலையசைக்காவிட்டால் உன் ஆறு மாதம் திட்டமில்லாமலே முடியும். பண உதவி செய்யும் ஆட்கள் அன்று கேட்க வந்திருப்பார்கள்.

முதலில், ஈரத்தில் புத்தகங்கள் கெட்டுப்போகும் என்று அண்ணாச்சி பயப்படுகிறார் என்றாய். அதில்லை என்றேன். பெண்கள் வந்து போனால் ஆண்கள் படிக்க வரமாட்டார்கள் என்று நினைக்கிறார் என்றாய். அதுவுமில்லை. படிப்பகக் கமிட்டியில் அவரைக் கேட்காமல் முதலில் பேசிவிட்டோம், அந்த வருத்தம் என்றாய். வருத்தம் இருந்தது, ஆனால் அதுவுமில்லை. உன்னோடு படித்தவர்கள் சிலர் அன்றே தலையசைப்பை வாங்கிவிட்டார்கள். உனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

இரண்டாம் நாள் நீ எழுந்து நின்றாய். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், எனக்காகத் தமிழில் ஒரு வாக்கியம் என்று சொன்னாய்.

"சின்னதுல அம்மா கூட படிப்பகத்துக்கு வருவேன். யாராவது வாசல்ல வந்து நின்னா அண்ணாச்சி நாற்காலியோட கையைப் பிடிச்சுக்கிடுவாங்க. அவங்கள யாரோ எப்பவோ எழுப்பி விட்டிருக்காங்க. இனிமே ஒருத்தரும் எழுந்திரின்னு சொல்ல முடியாத எடம் அது ஒண்ணுதான் அவங்களுக்கு."

பதினான்கு வயதில் ஒரு ஓட்டலில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன். மதியம் கிடைத்த ஒரு மணி நேரத்தில் ஒரு வாசகசாலைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். கைலி ஈரமாக இருந்தது. "எணீச்சுப் போடா" என்று ஒருவர் எழுப்பி விரட்டினார். அதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நாற்காலியின் கையைப் பிடிப்பேன் என்பது எனக்கே தெரியாது. அன்று குனிந்து பார்த்தேன். அந்தப் பங்களாவின் பிரம்பு நாற்காலியையும் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

இருந்தும் நான் தலையசைக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வற்புறுத்தவில்லை, போய் உட்கார்ந்துகொண்டாய். சாயங்காலம் எனக்குத் தேநீர் எடுத்து வந்தாய். அதில் சர்க்கரை குறைவு என்று குறை சொன்னேன்.

மூன்றாம் நாள், எழுதிக்கொண்டு வந்ததைப் பேசாமல் போக மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உனக்கு மிச்சமிருந்த நேரத்தைத்தான் கேட்கிறேன் என்று தெரிந்தே கேட்டேன். நீ கொடுத்தாய். நான் தமிழில் வாசிக்க நீ ஆங்கிலத்தில் சொன்னாய். எனக்குப் பேச வராவிட்டாலும் கேட்டால் புரியும். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் பெருமையாகச் சொன்ன இடத்தில் பெருமையாகவே சொன்னாய். நாங்கள் கட்டிய கட்டடம், நாங்கள் சுமந்த மூட்டை, நாங்கள் தொடங்கிய படிப்பகம் என்று பதினோரு பக்கம்.

முடித்ததும் உகாண்டா அம்மாள் கை தூக்கினார். தன் நிலத்தில் அக்கா மகன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டக் கூடாது என்று சண்டை போட வந்தவர் அவர், எனக்குக் குறைந்த பிடிவாதக்காரி இல்லை. அவர் கேட்டதை நீ என் பக்கம் திரும்பி அதே குரலில் சொன்னாய்.

"இதுல பொம்பளைங்க எங்கன்னு கேக்காங்க அண்ணாச்சி."

இருந்தார்கள் என்றேன். எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று அவர் அடுத்துக் கேட்டார். அதையும் சொன்னாய். உன் முகத்தில் வெற்றி தெரிகிறதா என்று தேடினேன். இரண்டு வருடம் உன்னை அலைக்கழித்தவன் மாட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு புருவம் உயர்ந்திருந்தால்கூட நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். நீ பதிலுக்காகக் காத்திருந்தாய், அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க. அவ்வளவுதான். இத்தனை சின்னப் பெண்ணுக்குள் அது எங்கிருந்து வந்தது என்று அன்று திகைத்தேன், இன்னும் திகைப்பு தீரவில்லை.

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொன்னேன்.

"நேத்து நீ சொன்னது சரிதான். அதான் காரணம்."

அதையும் நீ மொழிபெயர்த்தாய். அங்கே மட்டும் உன் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. பிறகு பதினைந்து நிமிடம் உன் திட்டத்தைப் பேசினாய். பண உதவிக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள்.

ஊருக்கு வந்து நான் அலமாரிகளை முன்னறைக்கு மாற்றினேன். பத்திரிகை மேசை அரையடிகூட நகரக் கூடாது என்றும், கதவு சந்துப் பக்கம் வைக்க வேண்டும் என்றும், தினமும் கழுவ ஆள் போடாவிட்டால் பூட்டிவிடுவேன் என்றும் சண்டை போட்டேன். மூன்றுக்கும் சம்மதித்தாய். உனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மூன்று நாள் போனவனுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கத் தோன்றவில்லை. அந்த மனக்குறை எனக்கு இன்னும் உண்டு. சாலையில் தொடங்கியதை நீ பிறகு மூன்று சந்தைகளுக்குக் கொண்டுபோனாய்.

உன் இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, அண்ணாச்சி பெருந்தன்மையோடு அறையைக் கொடுத்தார் என்று பேசினார்கள். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்துபோய் மைக்கைப் பிடித்து, அது பொய், இரண்டு வருடம் தரமாட்டேன் என்றவன் நான், தலையசைக்காமல் அவளை ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்தேன் என்று சொன்னேன். கிடங்குப் பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

இப்போது அவர்களின் மனுக்களை மாநகராட்சியில் மலையாளத்தில் எடுத்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. நன்றாக மலையாளம் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனாலும் பெண்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் சொல்வதை அதிகாரியிடமும், அதிகாரி சொல்வதை அவர்களிடமும் சொல்கிறேன். பாதி நேரம் அவர்கள் கேட்பது எனக்கு உடன்பாடில்லாதது. சில நேரம் என்னைப் பற்றிய புகாரே அதில் இருக்கும். தொண்டை வரைக்கும் பேச்சு வரும். ஒரு சொல்லும் கூட்டாமல் கொடுத்துவிட்டு, பதிலுக்காகக் காத்து நிற்கிறேன்.