அறுபத்து மூன்று கைகூப்பல்கள்

மார்ச் 3, திங்கள்

காலை ஏழே காலுக்குச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பக்கவாதம் வந்த என் கணவரைத் தனியே விட முடியாது. அடுத்த திங்கள் நான் அச்சகத்துக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும். மகள் இரவுப் பணி முடிந்து வீடு சேரக் காலை பதினொரு மணி ஆகிறது. எட்டிலிருந்து பதினொன்று வரை யாராவது அவர் பக்கத்தில் உட்கார முடியுமா?"

மாலைக்குள் அறுபத்து மூன்று கைகூப்பல்கள். மஞ்சள் நிறத்தில். பதினெட்டு ஆமென். ஒரு ரோஜாப்பூ.

"வர்றேன்" என்று ஒரு சொல் இல்லை.

மார்ச் 5, புதன்

போதகர் வந்தார். கட்டிலில் கிடந்த இவர் தலையில் கை வைத்து ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கைப்பேசி மூன்று முறை அதிர்ந்தது. மூன்றாம் முறை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டார். நான் இரண்டு கண்ணையும் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், குழுவுல எல்லாரும் உங்களைத் தாங்குறாங்க."

"எதுல தாங்குறாங்க பாஸ்டர், கட்டை விரல்லயா?"

சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துவிட்டார் பாவம்.

அவர் படியிறங்கியதும் இவர் இடது கையால் தலையணையை எடுத்துக் கதவின்மேல் எறிந்தார். பேச்சுப் போன மனிதர், வேறு என்ன செய்வார்? நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி எறிந்தார். இரண்டாவது முறை எனக்காக என்று வைத்துக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

விழுந்துவிட்டார்.

மருந்துக்கடைக்குப் போய்வர எனக்குப் பன்னிரண்டு நிமிடம். மகள் வீட்டில்தான் இருந்தாள். அடுத்த அறையில், காது இரண்டையும் அடைத்துக்கொண்டு, ஏதோ வீடியோ. "ஒரு நிமிஷம்தாம்மா பார்த்தேன்" என்கிறாள். ஒரு நிமிஷமா? நெத்தியில ரத்தம் காய்ஞ்சே போச்சேடி! உங்கப்பா தரையில கிடக்காரு, நீ எதைப் பார்த்துச் சிரிச்சிட்டிருந்தே?

அவள் அழுதாள். நான் அழவில்லை. பஞ்சு வைத்துத் துடைத்தேன். இவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். விழுந்ததைவிட, நாங்கள் கத்தியதுதான் அவருக்கு வலித்திருக்கும்.

கர்த்தரே, நீராவது பார்த்துக்கொண்டிருந்தீரா? அல்லது உமக்கும் வேறு எங்காவது கண்ணா?

மார்ச் 7, வெள்ளி

ஜெபிக்கவில்லை.

மார்ச் 8, சனி

குழுவிலிருந்து வெளியேறுவதென்று முடிவு செய்தேன். போகும்முன், கைகூப்பியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஒவ்வொருவரையும் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். இதே ஆட்கள் வேறு யாரையெல்லாம் இப்படி ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பழைய செய்திகளுக்குப் போனேன்.

ஜனவரி 2. கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணன் — ஆலயத்தில் எங்களுக்கு முன்வரிசையில் தனியாக உட்காருபவர் — எழுதியிருந்தார்: "இடது கண் மங்குகிறது. சனிக்கிழமை கண்ணில் ஊசி போடுகிறார்கள். துணையில்லாமல் வரக்கூடாது என்கிறார்கள். யாராவது கூட வர முடியுமா?"

கீழே நாற்பத்தொரு கைகூப்பல்கள். முதலாவது என்னுடையது. அவர் எழுதிய அதே நிமிடத்தில்.

அதே நிமிஷத்துல எப்படிப் படிச்சிருப்பேன்? படிக்கவில்லை. இருபத்தாறு வருடமாக அச்சுப்பிரதியை எழுத்தெண்ணிப் படிக்கிறவள். கால்புள்ளி ஒன்று விடுபட்டால் பையன்களைத் திட்டுகிறவள். அப்போது இவரும் திடகாத்திரமாக நடமாடிக்கொண்டிருந்தார். எனக்குச் சனிக்கிழமை விடுமுறை வேறு.

தாளைக் கிழித்தேன். பெயர்ப்பட்டியலில் ஒரு பெயர் குறைந்திருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் தலைகுனிந்து கைப்பேசியைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவரை வெளிப்படிக்கட்டில் பிடித்தேன்.

"அண்ணே, ஜனவரியில நீங்க துணைக்கு ஆள் கேட்டீங்க. நான் படிக்காமலே கைகூப்பி அனுப்பிட்டேன்."

"நீங்களுமா? நான் எங்கேம்மா பார்த்தேன், அதான் கண்ணு தெரியலையே."

"அப்புறம் போனீங்களா?"

"யார்கூட? இடதுல விளக்கு அணைஞ்சேபோச்சு."

என்னைத் திட்ட மாட்டாரா என்று நின்றேன். கோபமே வரவில்லையா என்று கேட்டும்விட்டேன்.

"வராமலா? ஒவ்வொருத்தர் வாசல்லயும் போய்க் கத்தணும்னு இருந்துச்சு. படி தடுக்கி விழுவேனேன்னு போகலை. இப்ப தினமும் ஆண்டவர்கிட்டக் கத்துறேன். நான் பேசுறப்ப நடுவுல போனைப் பார்க்காதவர் அவர் ஒருத்தர்தான்."

வருகிற சனிக்கிழமை நான் கூட வருகிறேன் என்றேன். வலது கண்ணையாவது காட்டுவோம் என்றேன். அப்படி வந்தால் இவரை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். சனிக்கிழமை மகள் இருப்பாள், திங்களிலிருந்துதான் வழியில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். என் செய்தி அவருக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

"எட்டு மணிக்கா? கடையை மூடி ஒரு மாசமாச்சு, சும்மாதான் கிடக்கேன். ஒரு ஆளைப் பார்த்துக்க ஒத்தைக் கண்ணு போதும்மா."

மார்ச் 10, திங்கள்

ஏழு ஐம்பதுக்கே வந்துவிட்டார். வேலைக்குப் போனேன்.

மார்ச் 15, சனி

மருத்துவமனையில் நான்கு மணி நேரம். காத்திருந்த இருபது பேரில் பத்தொன்பது பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண்ணில் மருந்து விட்டவர்கள் உட்பட.

இடது கண் இனி இல்லை. "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா" என்று தொடங்கிய மருத்துவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வலது கண்ணைக் காப்பாற்றலாம். இன்னும் ஐந்து சனிக்கிழமை வர வேண்டும். வருவோம்.

வீடு திரும்பியபோது மகள் அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். காதில் ஒன்றும் இல்லை. நான் உள்ளறைக்குப் போய் மண்டியிட்டேன், ஒன்பது நாளுக்குப் பிறகு. ஜெபம் என்று எழுதக் கை கூசுகிறது. சண்டைதான் போட்டேன். பிறருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த இவரை வலது கையில் ஒரு ஸ்பூன் பிடிக்க விடாததற்கு. போன கண்ணுக்கு. அந்தக் கண்ணில் எனக்கிருக்கும் பங்கை என்னையே கண்டுபிடிக்க வைத்ததற்கு. வாய்விட்டு, மரியாதை இல்லாமல், நீர் என்பது நீயாகும் வரைக்கும்.

யாரும் குறுக்கே பேசவில்லை. அது காலியறையின் மௌனம் இல்லை. கேட்கிற ஆள் இல்லாத இடத்தில் இவ்வளவு நேரம் பேச வராது.

ஒரு கட்டத்தில் திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்போதும் எழுந்து போகத் தோன்றவில்லை.