மூன்றாவது பாட்டில் நான் இல்லை

12 ஆகஸ்ட் 2006, சனி

எங்கள் ராக் பேண்டின் முதல் சிடி இன்று சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. எல்லாப் பாட்டுக்கும் நான்தான் டிரம்ஸ் வாசித்துப் பதிவு செய்திருந்தேன். அப்பா பீங்கான் ஃபாக்டரியிலிருந்து வந்ததும் போட்டுக் காட்டினேன். மூன்றாவது பாட்டுக்குத் தலையாட்டினார்.

"இது நல்லாருக்குதுடா. நீ அடிச்சதா?"

ஆறு வருடத்தில் என் வாசிப்பைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. பெருமையாக ஆமாம் என்றேன்.

அந்தச் சந்தோஷத்தில், என்னோடு சேர்ந்து மெட்டுப் போடும் டேவிட்டுக்கு போன் செய்து அப்பா சொன்னதைச் சொன்னேன்.

"அந்தப் பாட்டுல இருக்கற டிரம்ஸ் உன்னோடது இல்லடா. அங்கங்க தாளம் தப்புச்சு. கம்ப்யூட்டர்ல போட்டுட்டோம்" என்றான்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைவிட எரிச்சல், அது என் கை இல்லை என்று எனக்கே தெரியவில்லை.

திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், "அடுத்த வாரம் ஷோவுல அப்படியே வாசிச்சிடுவல்ல?" என்றான்.

"வாசிச்சிடுறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவரே அந்தப் பாட்டை மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.