நான்காம் வகுப்பின் ஆறாவது வரி

உப்பளம்,
4.12.2025

அன்புள்ள செல்விக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான்காம் வகுப்புத் தாளிலிருந்து நீச்சலை அடித்தவள் நான் அல்ல.

அடுத்த பருவத்தில் பிள்ளைகள் என்ன படிக்கப்போகிறார்கள் என்று பெற்றோருக்குக் கொடுக்கும் தாளை, நீ தலைமையாசிரியை ஆன நாளிலிருந்து அச்சுக்கு முன்னால் எனக்கு அனுப்புகிறாய். நான் சிவப்பு மையில் திருத்திக் கொடுக்கிறேன். இந்த முறையும் அப்படித்தான். முதல் வகுப்பில் கடிகாரம் பார்த்து மணி சொல்வது இரண்டு தரம் வந்திருந்தது, ஒன்றை எடுத்தேன். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு எதுவரை என்று போடவில்லை; கேட்டிருந்தேன். நான்காம் வகுப்பில் ஆறாவது வரி, ‘நீச்சல்: சனிக்கிழமைதோறும், லாஸ்பேட்டை நீச்சல் குளத்தில், ஆசிரியை சுடர்விழி.’ அந்த வரியில் என் பேனா படவே இல்லை. ஓரத்தில் ‘சரி’ என்று மட்டும் எழுதினேன்.

நேற்று பெரிய மார்க்கெட்டிலிருந்து வரும்போது ஆட்டோக்காரர் கண்ணையன் மெதுவாக ஆரம்பித்தார்.

“மதாம், கோச்சிக்காதீங்க. புள்ளைங்க நீச்சல நீங்கதான் அடிச்சிட்டீங்களாமே? எங்க பொண்ணு பூர்ணிமா பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போய்ட்டு வந்து சொல்லுது.”

“யார் சொன்னார்களாம்?”

“எல்லாருந்தான். செவப்பு மை வேற யார்கிட்ட இருக்குது? புள்ளைய கடல்ல குடுத்தவங்க, பாவம், தாங்காதுன்னு பேசிக்கிறாங்களாம். என் பேரன் ரெண்டு நாளா மூஞ்சத் தூக்கிவச்சிக்கினு கெடக்கறான்.”

என்னைக் கண்டிப்பானவள் என்று சொல்லட்டும். கர்வக்காரி என்றும் சொல்லட்டும். பாவம் என்று யாரும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அந்தக் கூட்டத்தில் நீதான் நடுவில் உட்கார்ந்திருந்தாய். அவர்கள் பேசியபோது நீ என்ன சொன்னாய்? அந்த வரியை அடித்தது யார்?

விக்தோரின் அலெக்சாண்டர்

•

பள்ளி அலுவலகம்,
7.12.2025

மதிப்பிற்குரிய மதாம் அவர்களுக்கு,

செல்வியின் வணக்கம். மழையில் உங்கள் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? கண்ணையனிடம் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அடித்தது நான்தான். திருத்திய தாள் உங்களிடமிருந்து வந்த பிறகு இரண்டு நாள் மேசைமேலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அந்த வரியை எடுத்துவிட்டு ‘செடி வளர்ப்பு’ என்று போட்டேன். சுடர்விழி வந்து சண்டை போட்டாள். “டீச்சர், செடி எங்கியும் போய் மூழ்காது. புள்ளைங்கதான் மூழ்கும்” என்றாள். என்னிடம் இப்படிப் பேசுகிற ஆசிரியை அவள் ஒருத்திதான்.

கூட்டத்தில் ஏன் நீச்சல் இல்லை என்று பெற்றோர் கேட்டார்கள். நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார். உடனே எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். நானும் அமைதியாக இருந்துவிட்டேன். அப்படி இருப்பது எளிதாக இருந்தது, மதாம். அது தவறு. மன்னித்துவிடுங்கள்.

நாற்பத்தொரு பிள்ளைகளை வீராம்பட்டினத்துக் கடற்கரைக்கு அழைத்துப்போய், நாற்பது பேரோடு திரும்பியவள் நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உங்கள் ஜோசப் ஆனந்தின் சட்டைப் பொத்தானைக் காலையில் நான்தான் போட்டுவிட்டேன். இன்றைக்கும் எங்கே போனாலும் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறேன்; கோயிலில்கூட. தண்ணீர்ப் பக்கம் பிள்ளைகளை அனுப்புகிற தாளில் என் கையெழுத்து விழாது.

பணிவுடன்,
சகாயசெல்வி

•

உப்பளம்,
9.12.2025

செல்வி,

தைலம் வந்தது. தடவிக்கொண்டேன்.

உன் பயத்தை உன் பெயரில் வைத்துக்கொள். என் பெயரில் எழுதாதே.

நேற்று மாலை கண்ணையனோடு கடற்கரைச் சாலைக்குப் போனேன். இப்போது அங்கே மறுபடி மணல் சேர்ந்திருக்கிறது. புத்தகப் பையைக் கரையில் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் ஆறு பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் உன் பள்ளிச் சீருடையில். ஒருவன் கண்ணையனின் பேரன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் காதைப் பிடித்து இழுத்துவந்தார். “எறங்காதன்னா கேக்குதா மதாம் இதுங்க? காவலுக்கு எத்தினி நாள் நிக்கறது?” என்று என்னைத்தான் கேட்டார்.

சுடர்விழியையும் பார்த்தேன். ஒரு பிள்ளை தண்ணீரில் தன்னைத்தானே மிதக்க வைத்துக்கொள்ள எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டேன். “முங்காம மெதக்கறதுக்கு நாலு கிளாஸ் போதும், மதாம்” என்றாள். நான்கு சனிக்கிழமை.

இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல. நீ சொன்ன காரணம் பாதிக் காரணம். மீதியை எழுது.

வி. அ.

•

பள்ளி அலுவலகம்,
12.12.2025

மதிப்பிற்குரிய மதாம் அவர்களுக்கு,

மீதியை நான் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

பள்ளியில் நீச்சல் என்ற பேச்சு எழுந்தால், முன்னால் ஏன் இல்லை என்று யாராவது கேட்பார்கள். கேட்கிறவர்கள் பழைய கோப்புகளையும் பார்ப்பார்கள். 1985 ஜூலையில் நான் பெற்றோருக்கு ஒரு சீட்டு அனுப்பினேன். வம்பாகீரப்பாளையத்து மீனவர் அம்மாவாசை, பழைய துறைமுகத்துப் பக்கம் அலை அடங்கிய இடத்தில், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கச் சம்மதித்திருந்தார். அந்தச் சீட்டின் நகல் கோப்பில் இருக்கிறது; வகுப்பு ஏன் நடக்கவில்லை என்று கேட்பார்கள். சீட்டுக்கு முதலில் வந்த பதில் ஒன்று உண்டு. அது கோப்பில் இல்லை. அடுத்த ஜனவரியில், எல்லாம் முடிந்த மறுநாளே, நான் அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. என் கணவர்கூடப் பார்த்ததில்லை.

கல்லறைத் திருநாள்தோறும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஜோசப் ஆனந்தின் கல்லறையைக் கழுவுகிறோம். நீங்கள் தண்ணீர் ஊற்றுவீர்கள், நான் தேய்ப்பேன். அந்தக் காகிதத்தைப் பற்றி நீங்களும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், மதாம். பிள்ளைகள் செடி வளர்க்கட்டும்.

செல்வி

•

உப்பளம்,
14.12.2025

அன்புள்ள செல்விக்கு,

மாதா படத்துக்குப் பின்னால் போய் நீ பார்க்க வேண்டாம். அதில் இருப்பதை நான் எழுதுகிறேன். சரியா என்று ஒத்துப்பார்த்துக்கொள்.

‘ஆசிரியைக்கு. என் மகன் மீன்பிடிக்கிறவர்களின் பிள்ளைகளோடு கடலில் இறங்க வேண்டிய வீட்டில் பிறந்தவன் அல்ல. படிக்க அனுப்புகிறோம். உப்புத் தண்ணீரில் கறுத்துப்போகவும், அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு வரவும் அல்ல. இப்படி ஒரு பாடத்தை இனி எந்தப் பெற்றோருக்கும் முன்வைக்காமலிருப்பது பள்ளியின் பெயருக்கு நல்லது.’

கான்வென்டில் கன்னியாஸ்திரி மேர் சொல்லிக்கொடுத்தபடி இடப்பக்கம் இரண்டு விரல் ஓரம் விட்டு எழுதினேன். அனுப்புமுன் ஒருமுறை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

நான் மறுத்ததும் எத்தனை வீடுகள் மறுத்தன என்று நீ எழுதவில்லை. எனக்குத் தெரியும். நானே நான்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்த வகுப்பு நின்றது.

ஆறு மாதம் கழித்து என் மகனைத் தண்ணீரிலிருந்து தூக்கி வந்தது அம்மாவாசை. அவரை உட்காரச் சொல்லவில்லை. அன்று மாலை நீ வந்தாய். அவன் அப்பா அலெக்சாண்டர் உன்னை வாசலிலேயே நிறுத்தி, தெருவே கேட்கும்படி, கொலைகாரி என்றார். நான் உள் அறையில், கதவுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்னை ஒரு வருஷம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள், அப்போதும் சொல்லவில்லை. அவர் ஆறு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்தார், அந்தக் காகிதத்தைப் பற்றித் தெரியாமலேயே. அவர் இருக்கும்வரை முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகும் முடியவில்லை. ஆகவே அது காரணமல்ல.

கூட்டத்தில் நீ அமைதியாக இருந்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். ஒரு மணி நேர அமைதி அது. என்னுடையது நாற்பது வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் மன்னிப்பு என்ற சொல்லை நான் எழுதிப்பார்த்தேன், இந்தக் கடிதத்தின் இரண்டு பிரதிகளில். இரண்டையும் கிழித்தேன். காகிதத்தில் கேட்டுத் தீருகிற காரியம் அல்ல.

அதனால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பத்தொன்பதாம் தேதி கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பெற்றோர் எல்லாரும் வருவார்கள். அந்தக் காகிதத்தை எடுத்து வா. நானும் வருகிறேன். நானே எழுந்து நின்று படிக்கிறேன். கண்ணாடி இருக்கிறது, குரலும் இருக்கிறது. பூர்ணிமாவும் மற்றவர்களும் அதைக் கேட்ட பிறகு, தங்கள் பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். இந்த முறை யாருடைய வீட்டுக்கும் நான் முன்கூட்டிப் போகமாட்டேன்.

திருத்திய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். செடி வளர்ப்பை நான் அடிக்கவில்லை. அது ஏழாவது வரியாக இருக்கட்டும். ஆறாவது வரியை மறுபடி எழுதியிருக்கிறேன். கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். உனக்குத் தனியாகப் போடப் பயமாக இருந்தால் பக்கத்தில் என் கையெழுத்தும் போடுகிறேன், பள்ளி ஒத்துக்கொண்டால்.

போன் செய்யாதே. பூ வாங்கிக்கொண்டு நேரில் வந்து அழுதுவிட்டுப் போகாதே. நாம் இரண்டு பேரும் அப்படித்தான் இத்தனை வருஷம் தப்பித்திருக்கிறோம்.

சம்மதமா, இல்லையா என்பதைப் பதினெட்டாம் தேதிக்குள் எனக்கு எழுத்தில் தெரிவி.

விக்தோரின்